பாடியவர் பெயர் எங்கே?

நல்ல பாட்டொன்று காதில் விழுந்தால் அதை நாலு பேருக்குக் கேட்பிக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு பிறந்தது. அந்த ஆசையைக் குறை கூற நாம் வரவில்லை. நாமும் அதற்கு ஆட்பட்டவர்களே. மாதத்தில் ஒரு நாள், இஷாத் தொழுகைக்குப் பின், நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அவரவர் தேடிப் பிடித்த நாட்டுப் பாடல்களையும் அயல்நாட்டு இசைகளையும் ஒருவருக்கொருவர் கேட்பித்து மகிழ்வது பல்லாண்டு வழக்கம். முன்பு ஒலிநாடாக்களில் வந்தவை இப்போது கைப்பேசிகளில் வருகின்றன. இஞ்சித் தேநீர் மட்டும் அன்றிருந்தபடியே இருக்கிறது.

நாம் குறை கூற வந்தது, இந்த அன்பர் கூட்டங்களில் அன்றாடம் நடக்கும் ஒரு களவைப் பற்றி. களவு என்னும் சொல் கடுமையானது என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்துக்கொள்ளட்டும். பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவரின் பெயரைக் குப்பையில் எறிவதற்கு இதைவிட மென்மையான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

நாம் செய்த களவையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஓர் இரவு நண்பர் ஒருவர் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டார். ஒரு பெண்ணின் குரல். அதன் அடியில் மேல்நாட்டு மின்னிசைக் கருவிகளின் தாளக்கட்டு. “ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் பிக்மி மக்களின் தாலாட்டு” என்றார் நண்பர். கூட்டம் மெய்ம்மறந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே நாம் அதை ஒன்பது பேருக்கு அனுப்பிவைத்தோம், நண்பர் சொன்ன அதே விளக்கத்தோடு. அதன்மேல் ஆப்பிரிக்கத் தாய்மையைப் பற்றிச் சொந்தமாக நாலு வரி வேறு சேர்த்தோம்.

சில மாதங்களுக்குப் பிறகே உண்மை தெரிந்தது. அந்தப் பெண் ஆப்பிரிக்கர் அல்லர். பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகளில், மலைட்டா என்னும் தீவைச் சேர்ந்தவர். அவர் பெயர் அஃபுனாக்வா. பாடிய மொழி பாயேகு. பாட்டின் பெயர் ‘ரோரோக்வேலா’. 1970-இல் ஹியூகோ செம்ப் என்னும் இசையாய்வாளர் அதை ஒலிப்பதிவு செய்தார். யுனெஸ்கோவின் இசைத்தட்டு வரிசையில் அது வெளியாயிற்று. தாய் தந்தையை இழந்த பிள்ளையை அதன் அண்ணன் தேற்றுவதாக அமைந்த பாட்டு அது. நாம் எழுதிச் சேர்த்த ‘தாய்மை’ நாலு வரிக்கும் அதற்கும் எட்டாத தூரம்! அங்கே தாயே இல்லை. தாய் இறந்துவிட்டாள் என்பதே பாட்டு.

1992-இல் பிரான்சு நாட்டின் ‘டீப் ஃபாரஸ்ட்’ என்னும் இருவர் குழு இந்தக் குரலை எடுத்துத் தன் தாளக்கட்டின்மேல் ஒட்டியது. மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களின் குரல்கள் என்று விளம்பரம் பெற்ற அந்த இசைத்தொகுப்பு இலட்சக்கணக்கில் விற்றது. பாட்டு விளம்பரப் படங்களிலும் ஏறியது. தாம் இதற்கு இசைவு தரவில்லை என்று செம்ப் 1996-இல் எழுதினார். அதே ஆண்டில் நார்வே நாட்டுச் சாக்சபோன் கலைஞர் யான் கார்பரெக் அம்மெட்டை வாசித்து வெளியிட்டபோது அதற்கு இட்ட பெயர் ‘பிக்மி தாலாட்டு’. அவரை வஞ்சகர் என்று சொல்ல மாட்டோம். கையில் வந்த பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார் போலும், நாம் எடுத்துக்கொண்டதைப் போலவே. தீவு காடாயிற்று, அநாதைப் பிள்ளைக்குச் சொன்ன ஆறுதல் கடைச்சரக்கை விற்கும் கூவலாயிற்று. இத்தனைக்கும் மூல இசைத்தட்டில் ஊரும் மொழியும் தெளிவாகவே பதிவாகியிருந்தன. தெரியாமல் போகவில்லை, தெரிந்ததைத் தூக்கிச் செல்ல யாருக்கும் கை வலித்திருக்கிறது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது எழுந்த மறுமொழிகள்தாம் இக்கட்டுரையை எழுத வைத்தன.

“நாட்டுப் பாட்டு யாருக்கும் சொந்தமன்று, காற்றைப் போல எல்லாருக்கும் பொது” என்றார் ஒருவர். கேட்க இனிமையான வாதம். ஆனால் காற்று பாடுவதில்லை. ஒரு மனிதன் பாடுகிறான், ஒரு பெண் பாடுகிறாள். மெட்டு ஊருக்குப் பொதுவாகவே இருக்கட்டும். அந்த மூச்சும் அந்தத் தொண்டையும், ஓர் அடியை அவர் மட்டுமே இழுத்த அந்த இழுப்பும் யாருடையவை? இன்னொன்றையும் கவனியுங்கள். ‘யாருக்கும் சொந்தமன்று’ என்பவர்கள் அடுத்த மூச்சிலேயே ‘இதைக் கண்டுபிடித்தவன் நான்’ என்கிறார்கள். பாடியவளுக்கு இல்லாத சொந்தம், கேட்டவருக்கு எங்கிருந்து வந்தது?

பொது என்று சொல்லப்படும் பாட்டு எப்படிச் சிலருக்கு மட்டும் சொந்தமாகிறது என்பதற்குச் சாலமன் லிண்டாவின் கதையே போதும். இவர் தென்னாப்பிரிக்காவின் சூலு இனத்தவர். 1939-இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் தம் குழுவினரோடு ‘ம்பூபே’ என்னும் பாட்டைப் பதிவு செய்தார். அம்மொழியில் ம்பூபே என்றால் சிங்கம். பின்னாளில் உலகமே முணுமுணுத்த அந்த உச்சக்குரல் வளைவு, பதிவு நடந்துகொண்டிருக்கையில் அவர் வாயில் தானாகப் பிறந்தது. பாட்டின் உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங். அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போயிற்று. நாட்டுப் பாடல்களைத் தேடி அலைந்து பதிவு செய்வதில் பெயர் பெற்ற ஆலன் லோமாக்ஸ் அதைத் தம் நண்பர் பீட் சீகரிடம் கொடுத்தார். நம் மாடிக் கூட்டத்தில் நடப்பதும் இதுதானே! சீகர் கேட்டு எழுதினார். ‘உயிம்பூபே’ என்று பாடியது அவர் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது. 1952-இல் அவருடைய ‘வீவர்ஸ்’ குழு பாடிய அந்தப் பாட்டு அமெரிக்காவெங்கும் ஒலித்தது. இயற்றியவர் இடத்தில் இருந்ததோ ‘பால் கேம்ப்பெல்’ என்னும் பெயர். அப்படி ஒரு மனிதரே கிடையாது. அது ஒரு புனைபெயர். 1961-இல் ஆங்கிலச் சொற்களோடு ‘டோக்கன்ஸ்’ குழு பாடியது. 1994-இல் ‘தி லயன் கிங்’ படத்தில் வந்து நம் வீட்டுப் பிள்ளைகள் வாயிலும் புகுந்தது.

லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு நடுகல் வைக்கக் குடும்பத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. வழக்காடி, 2006-இல்தான் அவருடைய பெண்மக்களுக்கு உரிமைத்தொகை கிடைக்க உடன்பாடு ஏற்பட்டது. சீகர் ஆயிரம் டாலர் லிண்டாவுக்கு அனுப்பியதுண்டு. அவர் நெஞ்சில் ஈரமுள்ளவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. நல்லவர்கள் கையிலேயே இது நடந்தது என்பதுதான் நம்மை உறுத்துகிறது. கொடுத்தவர் இசைப்பித்தர், வாங்கியவர் மனிதநேயர். இடையில் பெயர் மட்டும் காணாமற்போயிற்று.

“பெயர், ஊர், மொழி என்று ஏன் அலட்டிக்கொள்கிறீர்கள்? இசைக்கு மொழியில்லை, உலக இசை என்றால் போதாதா?” என்றார் இன்னொருவர். போதாது. அந்த ‘உலக இசை’ எங்கே பிறந்தது என்பதை அவர் அறிந்தால் நல்லது. 1987-ஆம் ஆண்டுக் கோடையில், லண்டன் நகரத்து மதுவிடுதி ஒன்றில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடினார்கள். மேலைநாட்டு வகைகளில் அடங்காத இசைத்தட்டுகளைக் கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்பதே அவர்களுடைய கவலை. பல பெயர்களை அலசி இதைத் தேர்ந்தார்கள். ஓர் அலமாரியின் நெற்றியில் ஒட்டிய சீட்டு அது. அதை நாம் தத்துவம் என்று நெஞ்சில் ஒட்டிக்கொண்டோம். 1999-இல் அமெரிக்கப் பாடகர் டேவிட் பைர்ன், தமக்கு இந்தப் பெயரே பிடிக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸில் வெளிப்படையாக எழுதினார். 2020-இல் கிராமி பரிசுக்காரர்களும் வெட்கப்பட்டு ‘உலக இசை’ என்பதை நீக்கிப் ‘புவிசார் இசை’ என்னும் பொருளில் வேறொன்றைச் சூட்டினார்கள். பலகை மாறியது, அலமாரி அதே அலமாரிதான்.

இதே சொல்லை அதற்கும் முன்னர், 1960-களின் தொடக்கத்தில், வேறு நோக்கத்தோடு ஆண்டவர் ஒருவர் உண்டு. அவர் ராபர்ட் பிரவுன் என்னும் அமெரிக்கர். நம் மிருதங்கத்தைக் கற்று அதைப் பற்றியே ஆய்வேடு எழுதியவர். அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் செய்த ஏற்பாட்டில், அந்தந்த நாட்டு இசையை அந்தந்த நாட்டுக் கலைஞரே ஆசானாக அமர்ந்து கற்பித்தார். சென்னையிலிருந்து போன மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதன் அங்கே 1963-இல் கற்பிக்கத் தொடங்கினார். ஒரே சொல், ஓரிடத்தில் அது ஆசானுக்கு இட்ட நாற்காலி, மற்றோரிடத்தில் சரக்குக்கு இட்ட தட்டு.

அந்தத் தட்டில் அகப்பட்டவர்களுள் ஒருவர் மாலி நாட்டின் அலீ ஃபர்க்கா தூரே. நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுன்கே என்னும் ஊரில் வயல் வைத்துப் பயிரிட்டவர், 2004-இல் அவ்வூருக்கு மேயரும் ஆனார், 2006-இல் காலமானார். சொங்காய், ஃபுலானி, தமாஷெக், பம்பாரா எனப் பல மொழிகளில் பாடினார். நம் அன்பர்கள் இவரை அறிமுகம் செய்வது எப்படி? ‘ஆப்பிரிக்காவின் ஜான் லீ ஹூக்கர்.’ தம் இசைக்கு வேர் தம் மண்ணில் இருக்கிறது என்று அவர் சொல்லிச் சலித்தும் பயனில்லை. பேரனைக் காட்டிப் பாட்டனாரை அறிமுகம் செய்வதைப் போன்றது இது.

மூன்றாமவர் சொன்னதே நம்மை மிகவும் வருத்தியது. “நாம் என்ன ஆராய்ச்சியாளரா? கேட்டோம், பிடித்தது, கொடுத்தோம்” என்றார் அவர். இதைச் சொன்னவர் மதரஸாவில் ஓதியவர்! அவரிடமா இந்தச் சொல்? செவிவழிச் செய்தி ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டுமானால், யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவு எத்தகையது, அவர் வாய்மை எத்தகையது என்று கண்ணி கண்ணியாக வினவிய சமுதாயத்தில் பிறந்தோம். அந்தச் சங்கிலிக்கு ஸனது என்று பெயரிட்டு, அறிவிப்பாளர்களின் வரலாறுகளையே தனிக் கலையாக வளர்த்தார்கள் நம் முன்னோர். இன்னாரென்று அறியப்படாதவர் ஒருவர் இடையில் நின்றால், ‘மஜ்ஹூல்’ என்று குறித்து அதைக் குறையென்று எண்ணினார்கள். பாட்டை ஹதீஸோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டா. ஒப்பிடுவது பொருளையன்று, ஒழுக்கத்தை. வாய்வழி வந்ததை வாய்வழிக் கொடுக்கும்போது, கொடுத்தவர் பெயரையும் கூடவே கொடுப்பது நமக்குப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டிய பாடமன்று.

அதற்கு ஆராய்ச்சிப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு துண்டுக் காகிதம் போதும். ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக் 1936-இல் துருக்கிக்கு வந்து, அதானாப் பகுதியின் சிற்றூர்களில் மெழுகு உருளைகளில் பாட்டுப் பதிந்தார். கூடவே வந்த அத்னான் சைகுன் சொற்களை எழுதிக்கொண்டார். நாடோடிகளிடமும் உழவர்களிடமும் பார்டோக் சேர்த்தவை தொண்ணூறு பாட்டுகள் அளவில் இருக்கும். அவர் குறிப்புகளில் பாடியவர் பெயர், வயது, ஊர், நாள் எல்லாம் இருக்கின்றன. பாடியவர்களுள் ஒருவர் எழுபது வயதுப் பெகிர் என்னும் கிழவர். அவர் பாட்டில் தம் நாட்டுப் பழைய மெட்டொன்றின் சாயலைக் கேட்டுப் பார்டோக் திகைத்துப்போனார். 1945-இல் பார்டோக் இறந்தார். அந்தத் துருக்கிப் பாட்டு நூல் 1976-இல்தான் முழுமையாக அச்சேறியது. அத்தனை ஆண்டுகள் கழித்தும் பெகிர் பெகிராகவே இருக்கிறார். ‘அநாமதேய ஆசியக் கிழவர்’ ஆகிவிடவில்லை. பெண்கள் மட்டும் பார்டோக்குக்கு எளிதில் பாடித்தரவில்லை. அது அவருக்குப் பெருங்குறை. அந்தப் பெண்களின் தயக்கத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு நம் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நம் பெரியும்மா ஒருவர் நன்றாகத் தாலாட்டுப் பாடுவார்கள். பிள்ளை பிறந்த வீடுகளில் அவர்களை அழைத்துப் பாடச் சொல்வதுண்டு. அவர்கள் மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு நம் மாடிக் கூட்டத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த இசையன்பர் ஒருவர், “அரிய பொருள் ஒன்று கிடைத்தது” என்று ஒரு பாட்டை ஒலிக்கவிட்டார். “தென்னாட்டு முஸ்லிம் பெண்களின் பழம்பாடல், நூற்றாண்டுகள் பழமையானது, பாடியவர் அறியப்படவில்லை” என்பது முன்னுரை. இரண்டாம் அடியிலேயே நம் கையிலிருந்த தேநீர்க் குவளை நடுங்கியது. பெரியும்மாவின் குரல். பின்னணியில் அந்த வீட்டுக் கிணற்றுக் கப்பியின் ஓசைகூடக் கேட்டது. ஏதோ ஒரு விசேஷத்தில் யாரோ பதிந்தது, கைமாறிக் கைமாறிப் பெயரிழந்து, நம் தெருவுக்கே ‘கண்டுபிடிப்பாக’ வந்து சேர்ந்திருக்கிறது!

அந்தப் பாட்டில் இரண்டு பெயர்கள் வருகின்றன. அவை பழைய படைப்போர்க் கதைகளில் வரும் வீரர்களின் பெயர்களாயிருக்கக்கூடும் என்று அந்த அன்பர் நெடுநேரம் விளக்கினார். அவை பெரியும்மா பெற்ற இரண்டு ஆண் மக்களின் பெயர்கள். ஒருவர் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். நூற்றாண்டுப் பழமை என்று சொல்லப்பட்ட அந்த அடிகளை, தம் பிள்ளைகளுக்காகப் பெரியும்மாவே கட்டினார்கள்.

நாம் உண்மையைச் சொன்னோம். அன்பர் நாணினார், நல்லவர்தாம். “பெயரைச் சொல்லுங்கள், இனிமேல் சேர்த்தே கொடுக்கிறேன்” என்றார். இங்கேதான் நாம் எதிர்பாராத முட்டுக்கட்டை வந்தது. பெரியும்மாவின் பெண்மக்களிடம் கேட்டபோது, “உம்மாவின் குரல் அந்நியர் காதில் விழுந்ததே எங்களுக்கு மனவருத்தம். அதில் பெயரையும் போட வேண்டுமா?” என்றார்கள். இரும்புக்கடைக்காரர் மட்டும், “உம்மா கட்டிய பாட்டு, பெயர் போட்டால் என்ன?” என்றார். வீடு இரண்டுபட்டது.

பெயர் வேண்டும் என்று இவ்வளவு தூரம் வாதாடிய நாம் இதற்கு என்ன சொல்வது? பெயரைச் சொல்லும் உரிமையும் மறைக்கும் உரிமையும் பாடியவருக்கும் அவர் வீட்டாருக்கும் உரியவை. பாட்டைக் கொண்டுசெல்பவருக்கு இரண்டும் இல்லை. நாணத்தால் மறைத்த பெயர் வேறு. சோம்பலால் தொலைத்த பெயர் வேறு. ‘அறியப்படவில்லை’ என்று எழுதுபவர், தேடியும் கிடைக்காதபோது எழுதட்டும். வீடு வீடாய்க் கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கக்கூடியதை ‘அறியப்படவில்லை’ என்பது பொய். துருக்கியில் பாட மறுத்த பெண்களும் நம் பெரியும்மாவின் பெண்மக்களும் மறுக்கத் தெரிந்தவர்கள். அவர்களைக் கேட்க ஒருவர் இருந்தார். அஃபுனாக்வாவை யாரும் கேட்கவேயில்லை.

நம் வீட்டில் கடைசியாக ஏற்பட்ட முடிவு இது: பாட்டைப் புதிதாக யாருக்கும் கொடுப்பதில்லை. ஏற்கெனவே போனதோடு ஒரு குறிப்பை அனுப்பவேண்டும். அந்தக் குறிப்பில் ஊரின் பெயர் இருக்கும். ஒரு தாய் தம் மக்களுக்குக் கட்டிய தாலாட்டு என்பது இருக்கும். ‘குடும்பத்தார் விருப்பப்படி பெயர் தரப்படவில்லை’ என்பதும் இருக்கும். வெளியூர் அன்பர் தமக்கு அதைக் கொடுத்தவருக்கும், தாம் கொடுத்தவர்களுக்கும் இதை எழுதிவிட்டதாகச் சொன்னார்.

சாலமன் தீவுத் தாலாட்டை நாம் அனுப்பிய ஒன்பது பேருக்கும் அன்றே எழுதினோம்: பாடியவர் அஃபுனாக்வா, ஊர் மலைட்டா, மொழி பாயேகு, நாம் சேர்த்த நாலு வரியைக் கிழித்தெறியவும். ஆறு பேர் பதில் போட்டார்கள். அவர்களில் ஒருவர், தாம் இருபது பேருக்கு அனுப்பியிருப்பதாகவும், யார் யாருக்கு என்று நினைவில்லை என்றும் எழுதியிருந்தார்.